தைத்த இடத்தில் கேட்ட சத்தம்

ஆழ்வார்பேட்டையில் நான் வேலை பார்த்த ஸ்கேன் சென்டரிலிருந்து போன வாரம் ஒரு போன் வந்தது. பேசியவள் ஷாலினி, நான் வேலையை விட்ட பிறகு என் இடத்தில் சேர்ந்திருக்கும் பெண். அங்கே இப்போது புது டாக்டர். நோயாளி படுத்திருக்கும்போதே திரையைப் பார்த்தபடி என்ன கோளாறு என்று சொல்லிவிடுகிறாராம். சிலர் படுத்தபடியே அழுகிறார்களாம். “பெரிய டாக்டர் இருந்தப்ப, எழுந்து உட்கார வச்சுத்தான் சொல்லணும்னு ஒரு சட்டம் இருந்துச்சாமே. அது எதுக்குக்கா?” என்று கேட்டாள்.

போனில் எனக்குக் கோர்வையாகப் பேச வராது. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசித்ததில் இவ்வளவு எழுத வேண்டியதாகிவிட்டது.

நான் பிளஸ் டூ வரை படித்தவள். மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த ஒருவர் சொல்லித்தான் அந்த சென்டரில் சேர்ந்தேன். முதலில் ரிசப்ஷனில் உட்கார வைத்தார்கள். யாராவது கவுண்டருக்கு வந்து ஒன்று கேட்டால், பதிலைப் பாதி சொல்லி மீதியை விழுங்கிவிடுவேன். வந்தவர்கள் “இன்னாமா?” என்று காதைக் கொண்டுவருவார்கள். அதில் இன்னும் பயந்துபோவேன்.

சில வாரம் இதைப் பார்த்துக்கொண்டிருந்த பெரிய டாக்டர், பத்மஜா மேடம், ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, “உள்ளே வந்துடும்மா. ஸ்கேன் ரூம் இருட்டு. உன் முகத்தை யாரும் பார்க்க மாட்டாங்க” என்றார். கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் அது எனக்குச் செய்த பெரிய உதவி. அன்று உள்ளே போனவள், தோள் வலியால் ஆட்களைத் திருப்பிப் படுக்க வைக்க முடியாமல் போகும்வரை அந்த இருட்டிலேயே இருந்தேன்.

பேசாமல் இருக்கலாம் என்று உள்ளே போனவளுக்கு நாள் முழுக்கப் பேசுகிற வேலைதான் கிடைத்தது. கட்டிலில் ஏற்றுவது, துணியை விலக்கிப் பக்கத்தில் சொருகுவது, ஜெல் பாட்டிலைச் சுடுதண்ணீர்க் கிண்ணத்தில் வைத்து இதமாக்குவது, இதெல்லாம் கை வேலை. முக்கியமான வேலை மூச்சு. “மூச்சை இழுங்க. அப்படியே வைங்க. விடுங்க.” இந்த மூன்றையும் மேடம் சைகை காட்டும் நொடியில் சொல்ல வேண்டும். இருட்டில் சொல்வதால் எனக்குக் கூச்சம் வரவில்லை. நாளடைவில் என் குரல் அந்த மூன்று வார்த்தைகளுக்கு மட்டும் நன்றாகப் பழகிவிட்டது.

எங்கள் சென்டரில் எல்லா ஸ்கேனும் உண்டு. அதில் மேடத்துக்கு என்று தேடி வருவது சிறுநீரக ரத்தக்குழாய் டாப்ளர், அதாவது கிட்னிக்கு ரத்தம் ஓடுவதைப் பார்க்கும் ஸ்கேன். மூன்று நான்கு மாத்திரை போட்டும் பிரஷர் இறங்காதவர்களை டாக்டர்கள் அனுப்புவார்கள். கிட்னிக்கும் பிரஷருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காத ஆள் இல்லை. மேடம் எல்லோருக்கும் ஒரே உதாரணம்தான் சொல்வார். “மாடி வீட்டுக்கு வர்ற பைப்புல அடைப்பு. அவங்களுக்குத் தண்ணி வரல. அவங்க என்ன பண்ணுவாங்க? மோட்டாரைப் போடு மோட்டாரைப் போடுன்னு கத்திக்கிட்டே இருப்பாங்க. கிட்னியும் அப்படித்தான். தனக்கு ரத்தம் வரலைன்னா உடம்பு முழுக்க பிரஷரை ஏத்தச் சொல்லும்.” சென்னையில் அடுக்குமாடியில் குடியிருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

அந்த ஸ்கேன் லேசானதல்ல. குழாய் உள்ளே ஆழத்தில், குடலுக்குப் பின்னால் இருக்கிறது. குடலில் காற்றிருந்தால் திரையில் புகை மூட்டமாகிவிடும். அதனால் முந்தின இரவிலிருந்து வெறும் வயிறு. மூச்சு விட விட கிட்னியும் மேலும் கீழும் போகும். அதனால் மூச்சை நிறுத்தச் சொல்லி அந்தச் சில நொடிக்குள் பிடிக்க வேண்டும். இரண்டு பக்கமும், குழாய் தொடங்கும் இடத்திலிருந்து கிட்னிக்குள் கிளை பிரியும் இடம் வரை. ஒரு ஆளுக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

இந்த ஸ்கேன் தொடங்கும் முன் மேடம் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜை டிராயரில் போட்டு மூடிவிடுவார். நோயாளி பார்க்கட்டும் என்றே நிதானமாகச் செய்வார். அவசரம் இல்லை என்று வாயால் சொன்னால் யாரும் நம்புவதில்லை, இதை நம்புகிறார்கள் என்பார். ஸ்கேன் நடக்கும்போது அவர் பேசுவது ஒரே வார்த்தை, “சரி.” நன்றாக இருந்தாலும் சரி, மோசமாக இருந்தாலும் அதே “சரி”, அதே குரல்.

ஒருநாள் மயிலாப்பூரிலிருந்து பாட்டு டீச்சர் ஒருவர் வந்தார். அறுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். மாத்திரைகள் பலன் தரவில்லை என்று டாக்டர் அனுப்பியிருந்தார். மூச்சைப் பிடிக்கச் சொன்னால் அவர் பிடித்துக்கொண்டே இருந்தார். “விடுங்க” என்றால் விடவில்லை. நான் பயந்துபோய் மேடத்தைப் பார்த்தேன். அந்த அம்மா கண்ணைத் திறந்து, “நான் பாட்டுக்குப் பிடிச்சிண்டிருக்கேன். நீங்க நிதானமா பாத்துக்கோங்கோ” என்றார். அப்படி ஒரு வசதியான நோயாளி எங்களுக்கு அமைந்ததே இல்லை.

டாப்ளரில் ரத்தம் ஓடுவது சத்தமாகவும் கேட்கும். இடது பக்கம் பார்த்தபோது நல்ல குழாயின் சத்தம் வந்தது. அலை கரையில் ஏறி மெதுவாக இறங்குவது போல, ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு ஏற்றம், பிறகு நிதானமான இறக்கம். வலது பக்கம் போனதும் சத்தம் கீச்சென்று மேலே போனது. தோட்டத்து ஹோஸ் பைப்பின் வாயை விரலால் நசுக்கினால் தண்ணீர் சீறுமே, அதைப் போல. குறுகின இடத்தில் ரத்தம் வேகமாகப் பாய்கிற சத்தம் அது.

மேடம் “சரி” என்றார். ஆனால் படுத்திருந்தவர் சும்மா இருக்கவில்லை. “அந்தப் பக்கம் மாதிரி இது இல்லையே. மேலேயே நிக்கறது, கீழே எறங்கி வரலையே. ஏன்?” என்று கேட்டார். அவர் காதை எப்படி ஏமாற்றுவது? மேடம் மெஷினை நிறுத்திவிட்டு, “சொல்றேன். முதல்ல எழுந்து உட்காருங்க” என்றார். நான் கையைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்தேன். புடவையைச் சரிசெய்ய நேரம் கொடுத்தோம். மூக்குக் கண்ணாடியை எடுத்துத் தந்தேன். அதன் பிறகுதான் மேடம் தன் ஸ்டூலை அவர் முகத்துக்கு நேரே நகர்த்தி, வலது பக்கக் குழாய் சுருங்கியிருக்கிறது என்று சொன்னார். அந்த அம்மா நிதானமாகக் கேட்டுக்கொண்டு, அடுத்து என்ன செய்யணும் என்று நாலு கேள்வி கேட்டார். அழவில்லை.

அவர் போன பிறகு மேடம் என்னிடம் சொன்னார். “படுத்திருக்கிறவங்களுக்கு நம்ம முகம் கோணலாத் தெரியும். வயித்துல துணி இருக்காது. அந்த நேரத்துல நாம என்ன சொன்னாலும் அது தீர்ப்பு மாதிரிதான் விழும். உட்கார்ந்துட்டா பேச்சு. எதிர்த்துக்கூடக் கேக்கலாம்.” ஷாலினி கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். ஆனால் அந்தச் சட்டம் எவ்வளவு பெரியது என்று எனக்குப் புரிந்தது தனம்மா வந்த அன்றுதான்.

தனம்மா அடையாறு பக்கம் ஊரூர் குப்பத்தில் மீன் விற்பவர். அவர் ஹாலுக்குள் வந்ததை உள்ளே இருட்டறையில் இருந்தே தெரிந்துகொண்டேன். அப்படிப்பட்ட குரல். கூட வந்தது மருமகள் ரேவதி. முப்பது வயதுகூட இருக்காது. ரேவதிக்கு இரண்டு கிட்னியும் கெட்டுப்போய், முந்தின வருஷம் மாற்று அறுவை நடந்திருந்தது. கிட்னி கொடுத்தது மாமியார் தனம்மா.

பெயர் கூப்பிட வெளியே வந்து நின்றபோது கதை தானாகவே என் காதில் விழுந்தது, ஹாலில் எல்லோருக்கும் விழுந்தது போல. ரேவதிக்கு அம்மா இல்லை. புருஷனின் ரத்தம் சேரவில்லை. மாமியாருடையது சேர்ந்தது. மாமியார் மருமகளுக்குக் கொடுப்பதா என்று அனுமதி தரும் குழுவில் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். யாராவது கட்டாயப்படுத்தினார்களா, பணம் கை மாறியதா என்று. தனம்மா சொன்னாராம்: “எனக்கு ரெண்டு கீது. அதுக்கு ஒண்ணுகூட இல்ல. இதுல இன்னா கேள்வி?”

இதைச் சொல்லும்போது பக்கத்திலிருந்தவர்கள் தலையாட்டிச் சிரித்தார்கள். ஆனால் தனம்மா அதோடு நிறுத்தவில்லை. “குடுத்து இன்னா பிரயோஜனம்? உப்பு சேக்காதடின்னு டாக்டர் படிச்சுப் படிச்சு சொல்லிகீறாரு. நான் காலைல மீனெடுக்கப் போனதும் இவ கருவாட்ட வறுத்துத் துன்றா. இல்லன்னா பிரஷர் ஏன் ஏறுது? ஆஸ்பத்திரிக்குப் போனா ஏறி நிக்குது. இப்ப ரத்தத்துலயும் உப்பு ஏறிடுச்சாம். என் கிட்னிய இன்னா பண்ணி வச்சிகீறா பாரு.” ரத்தத்தில் உப்பு என்று ஆஸ்பத்திரியில் சொல்வது கிட்னி வெளியேற்றாமல் தேங்கும் கழிவை, தனம்மா அதைச் சமையல் உப்பு என்று எடுத்துக்கொண்டிருந்தார். ரேவதி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கருவாட்டுப் பானையை மாமியார் அண்டை வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டார் என்பதும், மருமகளின் குழம்பைத் தான் ஒரு வாய் ருசி பார்த்துவிட்டுத்தான் தட்டில் ஊற்றுகிறார் என்பதும் ஹாலில் இருந்த எல்லோருக்கும் தெரிந்துபோனது.

ரேவதியை உள்ளே அழைத்துவந்தேன். கதவை மூடியதும் சத்தம் குறைந்தது. மேடம் பக்கத்து அறையில் போன் பேசிக்கொண்டிருந்தார். கட்டிலில் படுக்க வைத்து நைட்டியை உயர்த்தினேன். வலது அடிவயிற்றில் வளைவாக ஒரு தழும்பு. மாற்றி வைக்கும் கிட்னியை முதுகுப் பக்கம் வைப்பதில்லை, அங்கேதான் வைக்கிறார்கள், தொடைக்குப் போகும் பெரிய குழாயோடு இணைத்து.

ரேவதி இருட்டில் என் கையைப் பிடித்தாள். “அக்கா, ஒண்ணு சொன்னா யாராண்டயும் சொல்ல மாட்டியே?”

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டாள்.

வீட்டில் பிரஷர் பார்க்க ஒரு மெஷின் கொடுத்திருந்தார்கள். தினமும் காலையில் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் தனம்மா மீன் எடுக்கப் போயிருப்பார். புருஷன் கடலில் இருப்பான். சாயங்காலம் வந்ததும் மாமியார் எவ்வளவு என்று கேட்பார். “நம்பர நான் கொறச்சுச் சொல்லிக்கினு கீறேன்க்கா. நூத்தி எழுபது வந்தா நூத்தி முப்பதுன்னு சொல்லுவேன். ஜாஸ்தியா சொன்னா அத்த கத்தும். கருவாடு துன்னியா, சத்தியம் பண்ணுன்னு தெருவே கூடற மாதிரி கேக்கும். ஆஸ்பத்திரிலயும் அதேதான் சொன்னேன். அங்க பாத்தா ஏறியிருக்கும். வீட்ல சரியாதான் கீதுன்னு சொல்லிடுவேன். பயத்துல ஏறுதுன்னு உட்டுட்டாங்க.”

“நீ சாப்பிட்டியா?” என்று கேட்டேன்.

“அம்மா மேல சத்தியமா இல்லக்கா. ஆனா அத்த கேட்டுக் கேட்டு இப்ப எனக்கே டவுட்டா கீது. தூக்கத்துல எழுந்துபோய் துன்றேனோ இன்னாவோ.”

சிரிப்பு வர வேண்டிய பேச்சு. எனக்கு வரவில்லை. ஆஸ்பத்திரி டாக்டர்கள் இவள் சொன்ன எண்களை நம்பி இத்தனை நாள் ஓட்டியிருக்கிறார்கள். உள்ளே எவ்வளவு பிரஷர் அந்த ஒற்றைக் கிட்னியை அடித்துக்கொண்டிருந்ததோ. நான் யாரிடமும் வலியப் போய்ப் பேசுகிறவள் இல்லை. மேடத்திடம்கூடக் கேட்டதற்குத்தான் பதில் சொல்வேன். ஆனாலும் சொன்னேன்: “மேடம்கிட்ட இது தெரியணும் ரேவதி. நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?”

அவள் என் கையை விட்டுவிட்டாள். பிறகு, “நீயே சொல்லு. எனக்கு வாய் வராது” என்றாள். அந்த வியாதி எனக்கும் உண்டு என்று அவளுக்குத் தெரியாது.

மேடம் வந்து கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்று சொன்னேன். தட்டுத் தடுமாறித்தான் சொன்னேன். மேடம் திரும்பி ரேவதியைப் பார்த்தார். திட்டவில்லை. “சரி” என்று சொல்லிவிட்டு, பிரஷர் பட்டையைத் தானே எடுத்து அவள் கையில் கட்டினார். மேல் அளவு நூற்றுத் தொண்ணூறைத் தாண்டி நின்றது.

பிறகு ஸ்கேன். மாற்றுக் கிட்னி தோலுக்குப் பக்கத்தில் இருப்பதால் ஆழம் தேட வேண்டியதில்லை. முதலில் கிட்னிக்குள் இருக்கும் சின்னக் கிளைகளைப் பார்த்தார். துடிப்பு எழும்பும்போது சட்டென்று எழாமல் சோம்பலாக, குட்டையாக எழுந்தது. மாடிப் படியேறிக் களைத்தவர் மூச்சு விடுவது போன்ற சத்தம். மேடம் கருவியை மெதுவாக நகர்த்தி, கிட்னியின் குழாய் பெரிய குழாயோடு சேரும் இடத்துக்குக் கொண்டுவந்தார். திரையில் அதுவரை சிவப்பும் நீலமுமாக ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த வண்ணம் அந்த ஒரு இடத்தில் எல்லாப் பொடியும் கலந்து கொட்டிய கோலம் போலக் குழம்பியது. திரையில் வேகத்தை அளக்கும் கோட்டை அங்கே வைத்தார். சத்தம் கீச்சிட்டது. அந்த மயிலாப்பூர் அம்மாவிடம் கேட்டதைவிட மெல்லிசாக, உயரமாக.

“மூச்சை இழுங்க. அப்படியே வைங்க” என்றேன். ரேவதி கண்ணை மூடிக்கொண்டு வைத்தாள். மேடம் கோணத்தைச் சரிசெய்து மறுபடி அளந்தார். பெரிய குழாயில் வேகம் எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்த்தார். மறுபடி முதல் இடத்துக்கு வந்தார். ஒரே அளவை நம்பி அவர் எதையும் எழுதியதில்லை. எனக்குத் திரை அவ்வளவாகப் புரியாது, மேடத்தின் கை புரியும். சந்தேகம் இருக்கும்வரை அந்தக் கை தேடிக்கொண்டே இருக்கும். இப்போது ஒரே இடத்தில் நின்றுவிட்டது.

“சரி” என்றார்.

ரேவதியைத் துடைத்து உட்கார வைத்தேன். நைட்டியை இழுத்துவிட்டு, மேலே துப்பட்டாவைப் போட்டுவிட்டேன். மேடம் தனம்மாவை உள்ளே கூப்பிடச் சொன்னார். தனம்மா வாசலில் இருந்தே, “இன்னா டாக்டரம்மா, உப்புதானே?” என்று கேட்டுக்கொண்டு வந்தார். மேடம் அவரையும் நாற்காலியில் உட்காரச் சொன்னார். உட்காரும்வரை பேசவில்லை.

“உப்பு இல்லம்மா. கிட்னிக்கு ரத்தம் போற குழாய் ஒரு இடத்துல ரொம்பச் சுருங்கியிருக்கு. அதனாலதான் பிரஷர். உப்பு சேர்க்கக் கூடாதுதான், அதுல மாத்தமில்ல. ஆனா இது உப்பால வந்தது இல்ல. கருவாட்டால வந்தது இல்ல.”

தனம்மா மருமகளைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்தபடி குரல் இறங்கிக் கேட்டார். “அப்ப என் கிட்னிதான் பழுதா? வயசான கிட்னின்னு அப்பவே ஒருத்தர் சொன்னாரு.”

“உங்க கிட்னியும் நல்லாத்தான் இருக்கு. ஆபரேஷன்ல உங்க குழாயையும் அவ குழாயையும் சேர்த்துத் தைச்சிருக்காங்க. தைச்ச இடத்துல தழும்பு கட்டிச் சுருங்கிடுச்சு. சில பேருக்கு ஆகும். யார் தப்பும் இல்ல.”

தனம்மாவுக்குக் குரல் திரும்பியது. “நானும் அவளும் சேர்ற எடத்துலயா தகராறு? அது எங்க குப்பத்துக்கே தெரியுமே டாக்டரம்மா.”

மேடம் சிரித்துவிட்டார். நானும் இருட்டில் சிரித்தேன். ரேவதி சிரிக்கவில்லை. மாமியார் எதிரில் அவள் வாய் திறந்து நான் அதுவரை கேட்டதில்லை. அப்போது திறந்தாள். “அத்த, நம்பர நான் கொறச்சுச் சொன்னேன். தெனம் ஜாஸ்தியாதான் வந்துது.”

“இன்னாடி சொல்ற?”

“நீ கத்துவன்னு பயந்துக்கினு பொய் சொன்னேன்.”

அவள் படுத்துக்கொண்டிருந்தால் இதைச் சொல்லியிருக்க மாட்டாள். காலைத் தொங்கப் போட்டு, மாமியாரின் கண்ணுக்கு நேர் கண்ணாக உட்கார்ந்திருந்ததால் சொன்னாள் என்று நான் இன்றும் நம்புகிறேன்.

தனம்மா கத்தப்போகிறார் என்று காத்திருந்தோம். அவர் மேடத்தைப் பார்த்துச் சின்னக் குரலில் கேட்டார். “நான் கத்தாம இருந்திருந்தா, இது முன்னாடியே தெரிஞ்சிருக்குமா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லத் தோன்றும். மேடம் ஸ்டூலை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்தினார். “கொஞ்சம் முன்னாடி தெரிஞ்சிருக்கும்மா. ஆனா இப்பவும் கை மீறிப் போகல. இன்னிக்கே போய் அட்மிட் ஆகணும். தொடை வழியா ஒரு மெல்லிசு டியூபை விட்டு அந்த இடத்தை விரிச்சு, உள்ளே சின்ன வலைக்குழாய் ஒண்ணு வைப்பாங்க. கிட்னியைக் காப்பாத்தப் பார்க்கலாம்.”

“பாக்கலாம்னா? காப்பாத்திடலாமா, பாக்கலாமா?”

“பார்க்கலாம்” என்றார் மேடம். 

எங்கள் முன்னாலேயே அந்த ஆஸ்பத்திரி டாக்டருக்குப் போன் போட்டு, வீட்டு அளவுகள் தவறானவை என்பதையும் சொன்னார். இரண்டு பேரும் ஆட்டோவில் ஏறிப் போனார்கள். ஏறும்போது தனம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஹாலில் இருந்தவர்கள் என்னவோ ஏதோ என்று பார்த்தார்கள்.

எங்கள் வேலையில் முடிவு தெரியாது. கண்டுபிடித்து எழுதிக் கொடுப்பதோடு சரி. அவர்கள் எங்கே போனார்கள், பிழைத்தார்களா என்று யாரும் வந்து சொல்வதில்லை. எனக்கு அது பழக்கம்தான். ஆனால் ரேவதியை மட்டும் விட முடியவில்லை. அந்த வலைக்குழாய் வைத்தார்களா, கிட்னி தாங்கியதா, மறுபடி டயாலிசிஸ் என்று ஊசி குத்திக்கொள்ளப் போய்விட்டாளா என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் நினைப்பேன். மேடத்திடம் கேட்கக் கூச்சம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அடையாறில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தவள், அங்கிருந்து நடந்து குப்பத்துப் பக்கம் போனேன். பெண்கள் வரிசையாக மீனைப் பரப்பி உட்கார்ந்திருந்தார்கள். தனம்மா இல்லை. தனம்மா இடம் எது, ஏன் வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வாய்வரை வந்தது. அங்கே இருந்த ஒரு அம்மா, “இன்னா வோணும், சொல்லு” என்றதும் பயந்துபோய்ச் சங்கரா மீன் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பட்டுப்புடவையோடு கையில் மீன் பையைப் பார்த்து வீட்டில் சிரித்தார்கள்.

மழைக்காலம் தொடங்கின பிறகு ஒருநாள் காலை, பெயர் கூப்பிட வெளியே வந்தேன். ஹாலில் மூலையில் தனம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ரேவதி. குழாய் வைத்தாயிற்று, அது திறந்திருக்கிறதா என்று பார்க்க அனுப்பியிருந்தார்கள். ஒருவேளை மறுபடி சுருங்கியிருந்தால் இன்னொரு தடவை செய்வது கஷ்டம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்களாம். ரேவதி முகம் தெளிந்திருந்தது போலவும் இருந்தது, பயந்திருந்தது போலவும் இருந்தது. ஆனால் என்னை அதிகம் உறுத்தியது தனம்மாதான். ஹாலில் அவர் குரலே இல்லை. பக்கத்தில் யாரோ ஏதோ கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

உள்ளே வந்து படுத்ததும் ரேவதி சொன்னாள். “அத்த அன்னிலேர்ந்து இப்படித்தான்க்கா. நாங்க ரெண்டு பேரும் சேந்து உக்காந்து பிரஷர் பாத்துட்டுத்தான் மீனுக்குப் போவுது. நம்பர் ஏறுனாலும் கத்தறதில்ல, எறங்குனாலும் பேசறதில்ல. நான் தட்டக் கீழ போட்டாகூட ஒண்ணும் சொல்லல. வூடே எழவு வூடு மாதிரி கீது. எனக்கு பயமா கீது.”

மேடம் டிராயரை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் மூச்சு சொன்னேன். கிட்னிக்குள் துடிப்பு சட்டென்று நிமிர்ந்து எழுந்தது. தைத்த இடத்துக்கு வந்தார். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கீச்சுச் சத்தம் இல்லை. வலைக்குழாய் திரையில் வெள்ளையாகச் சின்னக் கண்ணிகளாய்த் தெரிந்தது, அதற்குள் ரத்தம் தாராளமாக ஓடிக்கொண்டிருந்தது. மேடம் வழக்கம் போல மறுபடி அளந்தார், மறுபடி ஒப்பிட்டார், மறுபடி முதலிடத்துக்கு வந்தார்.

“சரி. அவங்க மாமியாரைக் கூப்பிடு.”

நான் துணியை எடுத்துக்கொண்டே கதவைத் திறந்தேன். தனம்மா உள்ளே வந்தார். ரேவதி இன்னும் படுத்திருந்ததால் மேடம் பேச்சைத் தொடங்கவில்லை. அதைத் தனம்மா கெட்ட செய்தி என்று எடுத்துக்கொண்டார் என்பது அவர் தயங்கி நின்றதிலேயே தெரிந்தது. கட்டிலருகே போனார். என் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டார். மருமகளின் வயிற்றில் இருந்த ஜெல்லைத் தானே துடைத்தார், தழும்பின் ஓரத்தில் மட்டும் ஒற்றி ஒற்றி. பிறகு அவள் முதுகுக்கடியில் கையைக் கொடுத்துத் தூக்கி உட்கார வைத்து, தானும் அவள் பக்கத்தில் கட்டிலிலேயே உட்கார்ந்துகொண்டார்.

“சொல்லு டாக்டரம்மா. எதுவானாலும் சொல்லு.”

“நல்லா இருக்கும்மா” என்றார் மேடம். “குழாய் முழுசாத் திறந்திருக்கு. கிட்னிக்கு ரத்தம் நல்லாப் போகுது.”

தனம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். அழுகிறாரா என்று இருட்டில் தெரியவில்லை. ரேவதி அவர் தோளை இடித்தாள். “அதான் சொல்லிட்டாங்கல்ல. இப்பனாச்சும் வாயத் தொற அத்த. எதுனா சொல்லிக் கத்து.”

தனம்மா தலைப்பை எடுத்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார். மேடத்தைத் திட்ட முடியாது. மருமகளைத் திட்ட இன்னும் தைரியம் வரவில்லை போல. கடைசியில் என் மேல் கண் நின்றது.

“இன்னாமே மரம் மாதிரி நிக்கிற? கொயந்த குளுர்ல நடுங்கிக்கினு கீது, கண்ணு தெரியல உனக்கு? அந்த ஏசிய நிறுத்த மாட்டியா?”

அந்தக் குரல் ஹால்வரை போயிருக்கும். அத்தனை வருஷத்தில் என்னை யாரும் அப்படித் திட்டியதில்லை. மெஷின் சூடாகிவிடும் என்று அந்த அறையில் ஏசியை வேலை நேரத்தில் நாங்கள் அணைப்பதே இல்லை. நான் ஓடிப்போய் அணைத்தேன். மேடம் தடுக்கவில்லை. ரேவதி கட்டிலில் உட்கார்ந்தபடி சிரித்துக்கொண்டே இருந்தாள்.